ரகுபதி யாரு?

மண்ணூர்,
9.6.2024

அன்புள்ள ஷாரோன்,

இங்கே நானும் உன் அத்தானும் என் மாமியாரும் சுகம். சித்தியின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற விடாதே.

நீ சொன்னபடி ஆரம்பித்துவிட்டேன். தினம் ஒரு பக்கம். நன்றாக வந்தாலும் வராவிட்டாலும் ஒரு பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் ஹாஸ்டலில் இருந்தபோது தோன்றினால் எழுதுவேன், தோன்றாவிட்டால் மாதக்கணக்கில் பேனாவைத் தொடமாட்டேன். பத்திரிகையில் இரண்டு கதை வந்ததோடு நான் நின்றுபோனது அதனால்தான் என்று நீ திட்டினாயே, அது உறைத்தது. இப்போது விடியற்காலையில் எழுந்து குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு, சமையல் மேடையிலேயே நோட்டை விரித்து நின்றபடி எழுதுகிறேன். சாதம் வெந்து முடியும்போது பக்கமும் முடிந்திருக்கும். அதன் பிறகு கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் அன்றைய ஷிப்ட் முழுக்க மனசு லேசாக இருக்கிறது. லைனில் ஒயர் கட்டுகளைச் சோதித்துச் சோதித்துக் கண் எரிந்தாலும் பரவாயில்லை என்றிருக்கிறது.

கதை ஒரு பஸ் டிரைவரைப் பற்றியது. பெயர் ரகுபதி. ஆட்களைக் கம்பெனியில் இறக்கிவிட்டு, திரும்பி வரும்போது காலி பஸ்ஸை ஏரிக்கரையில் நிறுத்தி, யாரும் இல்லாத சீட்டுகளிடம் பேசுகிறான். என்ன பேசுகிறான் என்பது எனக்கே முழுதாகத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் தினமும் எழுந்திருக்கிறேன்.

போனில் பேச வேண்டாம், கடிதமாகவே போடுவோம் என்றாய். அதுவும் நல்லதுதான். பேசிவிட்டால் பேச்சிலேயே எல்லாம் தீர்ந்து, எழுத ஒன்றும் மிஞ்சுவதில்லை. இதுவரை எழுதிய பக்கங்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

சித்திக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா,
ஃபெபி


நாசரேத்,
24.6.2024

பாசமுள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்கு வலி கொஞ்சம் தேவலை. உன் கடிதத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பெரியம்மா போன பிறகு உன்னையும் சேர்த்து வளர்த்தவள் அல்லவா, உன் எழுத்தைப் பார்த்தாலே கண் கலங்குகிறாள். அத்தானுக்கும் உன் மாமியாருக்கும் எங்கள் அன்பைச் சொல்.

ரகுபதி காலி சீட்டைப் பார்த்து, "இறங்கும்மா, உன் ஸ்டாப் வந்துருச்சு" என்கிற இடத்தில் நிறுத்தி, அந்த வரியை மறுபடி வாசித்தேன். அந்த ஆளை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். இப்படி நீ எழுதி நான் வாசித்ததே இல்லை.

என் பக்கங்களையும் அனுப்பியிருக்கிறேன். மாலையில் பிள்ளைகளுக்கு ஸ்டடி முடிந்ததும் ஸ்டாஃப் ரூமிலேயே உட்கார்ந்து எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன். சுமாராகத்தான் வருகிறது. ஆனால் ஒரு நாளும் விடவில்லை. நான் கணக்கு டீச்சர், விட்டால் எனக்குத் தூக்கம் வராது. நீயும் விடாதே. காய்ச்சல், விருந்தாளி, கரண்ட் இல்லை என்று ஒன்றும் என்னிடம் சொல்லக்கூடாது.

உன் தங்கை,
ஷாரோன்


மண்ணூர்,
21.7.2024

அன்புள்ள ஷாரோன்,

எல்லாரும் நலம். சித்தி எனக்காகக் கண் கலங்க வேண்டாம் என்று சொல். நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். போன வாரம் உன் அத்தான் என் நோட்டை எடுத்து வாசித்தார். கதையெல்லாம் வாசிக்கிற ஆளில்லை. ஒரகடத்தில் சூப்பர்வைசர் வேலை, வீட்டுக்கு வந்தால் போனும் தூக்கமும்தான். முழுக்க வாசித்துவிட்டு, "ரகுபதி யாரு?" என்றார்.

"யாருமில்ல. கற்பனை."

"கற்பனைக்கு இன்னாத்துக்கு பஸ் நம்பர்? மூணாம் நம்பர் பஸ்ஸுன்னு போட்டுகீற. அவன் சட்டை காலர் கிழிஞ்சிருக்குதுன்னு போட்டுகீற. பாக்காமயா எழுதுவ?"

"அப்படித்தான் எழுதணும். இல்லன்னா நம்பமாட்டாங்க."

"நான் நம்பிட்டேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும் நோட்டைக் கேட்கிறார். புதுப் பக்கத்தை வாசித்துவிட்டு ஏதாவது ஒரு வரியைத் தொட்டு, இது எங்கே நடந்தது, அன்றைக்கு நீ எங்கே இருந்தாய் என்கிறார். ஆர்வம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

சமையல் மேடையில் இப்போது எழுதுவதில்லை. துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போகும்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். காற்று நன்றாக வருகிறது.

அன்புடன்,
ஃபெபி


நாசரேத்,
6.8.2024

பாசமுள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். அங்கே வெயில் எப்படி? தண்ணீர் நிறையக் குடி.

அத்தான் கேட்டதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா, இதைவிட நல்ல விமர்சனம் உனக்கு எந்தப் பத்திரிகையிலும் கிடைக்காது. நீ கதையில் எழுதின ஆளை வெட்ட வருகிற அளவுக்கு நிஜமாக இருக்கிறது என்று அர்த்தம். ரகுபதிக்கு ஒரு மீசையும் வைத்துவிடு, அத்தான் தேடட்டும்.

ஆனால் பக்கங்கள் குறைந்திருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன். மொட்டை மாடிக் காற்று தூங்க வைக்கிறதோ?

உன் தங்கை,
ஷாரோன்


மண்ணூர்,
15.9.2024

அன்புள்ள ஷாரோன்,

நலம். சித்தியின் கண்ணில் புரை இருப்பதாக எழுதியிருந்தாயே, டாக்டரிடம் காட்டினாயா?

ரகுபதியை எடுத்துவிட்டேன். டிரைவர் இப்போது ஒரு பெண். யோசித்துப் பார்த்தால் அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. செக்யூரிட்டி, டீக்கடைக்காரர், லைன் லீடர் எல்லாரையும் எடுத்தாயிற்று. கதையில் ஆண்களே இல்லை.

இப்போது எழுதுவது கம்பெனி கேன்டீனில். சாப்பாட்டு இடைவேளையில் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு, குப்பைக்குப் போகிற, ஒயர் சோதனையைக் குறிக்கிற செக்‌ஷீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அதனால்தான் இந்தப் பக்கங்களின் மறுபுறம் கட்டம் கட்டமாக இருக்கும். வீட்டில் நோட்டு வைத்துக்கொள்வதில்லை.

இனி கடிதத்தைக் கீழே உள்ள முகவரிக்குப் போடு: தங்கமாரி, பெண்கள் விடுதி, இருங்காட்டுக்கோட்டை. என் லைனில் வேலை செய்கிற பெண். நம் ஊர்ப்பக்கம்தான், சாத்தான்குளம். மண்ணூருக்குத் தபால் சரியாக வருவதில்லை. என் போனும் சரியில்லை. ரிப்பேருக்கு என்று உன் அத்தான் வைத்திருக்கிறார்.

அன்புடன்,
ஃபெபி


நாசரேத்,
2.10.2024

அக்காவுக்கு,

சுகம். அம்மாவுக்கு டிசம்பருக்குப் பிறகு ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கோபப்படாதே, உள்ளதைச் சொல்கிறேன். கதை செத்துப்போயிற்று. அந்தப் பெண் டிரைவர் ஒரு பொம்மை. ஏரிக்கரையில் பஸ்ஸை நிறுத்துகிறாள், ஏன் நிறுத்துகிறாள் என்று அவளுக்கும் தெரியவில்லை, உனக்கும் தெரியவில்லை. உயிரோடு இருந்த ஓர் ஆளை எடுத்துவிட்டு அங்கே யாரோ ஒருத்தியை உட்கார வைத்திருக்கிறாய். யாருக்குப் பயந்து எழுதுகிறாய்? அத்தான் ஒரு கேள்வி கேட்டார் என்பதற்காகவா? எல்லார் வீட்டிலும்தான் கேட்பார்கள். பதில் சொல்லிவிட்டு எழுத வேண்டியதுதான்.

தபால் வராத ஊரா மண்ணூர்? முன்பு போட்டதெல்லாம் வந்ததே. சரி, புது முகவரிக்கே போடுகிறேன். ஆனால் பக்கங்கள் வர வேண்டும்.

ஷாரோன்


மண்ணூர்,
28.11.2024

அன்புள்ள ஷாரோன்,

நலம். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இடது கையால் எழுதுகிறேன். லைனில் ஒயர் முனையில் மாட்டும் டெர்மினல் குத்தி வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது.

பக்கங்கள் ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டும். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது கேட்டில் பையைச் சோதிப்பார்கள். கம்பெனிப் பேப்பர் எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது. இத்தனை நாள் யாரும் பார்க்கவில்லை. அன்றைக்குப் பார்த்துவிட்டார்கள். குப்பைப் பேப்பர், கதை எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். எச்.ஆர். அறையில் உட்கார வைத்தார்கள். அங்கே வேலை பார்க்கிற ஒரு பையன் பாதிப் பக்கம் வாசித்துவிட்டு, "கதைதான் சார்" என்று சொன்னான். மெமோவோடு விட்டுவிட்டார்கள். ஆனால் வீட்டிலிருந்து ஆள் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று உன் அத்தானைக் கூப்பிட்டார்கள். அவர் வந்தார், கையெழுத்துப் போட்டார், பேப்பர்களை வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து கடைசிவரை வாசித்தார்.

இங்கே நல்ல மழை. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பிக்கொண்டிருக்கிறது என்று பஸ்ஸில் பேசிக்கொள்கிறார்கள். தாழ்வான பக்கம் இருப்பவர்களுக்கெல்லாம் பயம்.

சித்தியைக் கவனமாகப் பார்த்துக்கொள்.

ஃபெபி


நாசரேத்,
19.1.2025

அக்காவுக்கு,

நாங்கள் சுகம் என்று சொல்ல முடியாது. அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து கண்ணில் நீர் வடிகிறது. உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

கை ஆறியதா என்று கேட்டு எழுதினேன், பதிலில்லை. கிறிஸ்துமஸ் அட்டைக்குப் பதிலில்லை. போன் செய்தால் அத்தான் எடுத்து, "தூங்கறா" என்கிறார். நான் எப்போது கூப்பிட்டாலும் நீ தூங்குகிறாய்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகூட நான் அன்றைய பக்கத்தை எழுதினேன். பெருமைக்குச் சொல்லவில்லை. முடியும் என்பதற்குச் சொல்கிறேன். ஒரு மெமோ கொடுத்தார்கள் என்று நீ விட்டுவிட்டாய். என்னைவிட உனக்குத்தான் எழுத்து வரும். அது உனக்கும் தெரியும். வருகிறவர்கள் இப்படி விட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எழுத விருப்பமில்லை என்றால் அதையாவது ஒரு வரி எழுதிப் போடு.

ஷாரோன்


மண்ணூர்
பிப்ரவரி 5

ஷாரோன் பாப்பாவுக்கு ஃபெபியோட மாமியார் அன்னபுஷ்பம் எழுதறது. ஸ்தோத்திரம். அம்மாவுக்கு கண்ணு ஆப்பரேஷன்னு ஃபெபி சொல்லுச்சி. ஜெபம் பண்ணிக்கினு கீறேன். நான் எழுதி ரொம்ப வருசம் ஆவுது. தப்பு இருந்தா பாத்து படி. உன் பழைய கவர்லேர்ந்து அட்ரஸ் எடுத்தேன்.

ஃபெபிக்கு ஒடம்பு சரியில்ல. வேலைக்கு மட்டும் போய் வருது. சோறு எறங்கல. முன்ன காலைல எழுந்து அடுப்பாண்ட நின்னுகினு எழுதும். இப்ப எழுந்து அடுப்பாண்ட சும்மா நிக்குது. குக்கர் கத்தினாலும் கேக்கல. எனக்கு அதப் பாக்க முடியல.

நீ ஒரு தபா வந்து பாத்துட்டு போ. நான் எழுதினேன்னு சொல்லாத. எம்புள்ள நல்லவன்தான். ஆனா நீ வா.

அன்னபுஷ்பம்


நாசரேத்,
18.2.2025

அக்கா,

ஊர் வந்து சேர்ந்தேன். அம்மாவுக்குக் கண் தேறிவருகிறது. இந்தக் கடிதத்தைத் தங்கமாரி உன் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

நான் இருந்த அந்த ஒரு பகலில் நீ எனக்கு மூன்று தடவை டீ போட்டுக் கொடுத்தாய். ஒரு தடவைகூட என் பக்கத்தில் உட்காரவில்லை. கை என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்றாய். டெர்மினல் குத்தியது என்று எனக்கு எழுதியது உனக்கு மறந்துபோயிருக்கிறது. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் இன்னும் மடங்கவில்லை. டம்ளரை மூன்று விரலால் பிடித்துக் கொடுத்தாய். அத்தான் எனக்காகக் கறி வாங்கி வந்தார், அம்மாவின் கண்ணைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். உன் மாமியார் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பஸ் ஏற்றிவிட வந்தபோது அவர் சொன்னார்: "உங்க அக்கா ரொம்ப யோசிக்கறாம்மா. இந்தக் கதை எழுதறதெல்லாம் வேணாம்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா கேப்பா. அப்புறம் எல்லாம் சரியாயிரும்."

நான் "சரி" என்றேன். அக்கா, நான் சரி என்றேன். பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். விழுப்புரம் தாண்டும்வரை அந்த ஒரு வார்த்தைதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து வாசித்தேன். அடுப்படி, மொட்டை மாடி, கேன்டீன். நீ ஒவ்வொரு இடமாக விலகிப் போனதை எனக்குத்தான் எழுதியிருக்கிறாய். நான் பக்கத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இனி எனக்குப் பக்கம் வேண்டாம். ஒரு வரியும் எழுத வேண்டாம். வந்துவிடு. நம் வீட்டில் உன் கட்டில் இருக்கிறது. வரமுடியாவிட்டால் எங்கே வர வேண்டும் என்று சொல், நான் வருகிறேன். இந்தத் தடவை டீ குடிக்க மாட்டேன்.

உன்
ஷாரோன்


இருங்காட்டுக்கோட்டை,
16.3.2025

என் ஷாரோனுக்கு,

சித்திக்குச் சொல், நான் சுகமாக இருக்கிறேன். இதை நம்பலாம். தங்கமாரியின் விடுதியில் இருக்கிறேன்.

அன்றைக்கு நடந்ததை நீ கேட்கவில்லை. நல்லது. சொல்ல முடிகிறபோது நேரில் சொல்கிறேன்.

கிளம்பியது பெரிய கதை ஒன்றுமில்லை. வழக்கம்போல வேலைக்குக் கிளம்பினேன். என்னிடம் கைப்பை மட்டும்தான். இன்றைக்குத் திரும்பி வர மாட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே பாதிதான் நிச்சயம். வாசலில் செருப்பு மாட்டும்போது அத்தை சாப்பாட்டுப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். கனமாக இருந்தது. "டிபன் ஜாஸ்தியா வெச்சிகீறேன். நைட்டுக்கும் ஆவும்" என்றார். நான் அவரைப் பார்த்தேன். "பஸ் வந்துறப் போவுது, போ" என்று உள்ளே போய்விட்டார். மதியம் பையைத் திறந்தால் அடியில் என் டிப்ளமோ சான்றிதழும் ஆதார் கார்டும் இருந்தன.

தங்கமாரி கேள்வியே கேட்கவில்லை. "யக்கா, ஜன்னலோரம் நீங்க படுங்க, எனக்கு எங்கன கெடந்தாலும் தூக்கம் வரும்" என்றாள். நம் ஊர்ப் பேச்சைக் கேட்டதும்தான் அழுதேன்.

ஸ்ரீபெரும்புதூரில் டாக்டரிடம் கையைக் காட்டினேன். உடைந்தது கோணலாகவே கூடிவிட்டதாம். அப்போதே வந்திருக்க வேண்டும் என்றார். பேனாவைப் புது விதமாகப் பிடிக்கப் பழகுகிறேன். இந்தக் கடிதம் வலது கையால் எழுதியதுதான்.

நாசரேத்துக்கு இப்போது வரவில்லை. வேலையை விட மனசில்லை. ஆனால் ஒன்று கேள். இங்கே எனக்கு மேஜை இருக்கிறது. யாரும் எதையும் எடுத்து வாசிப்பதில்லை. விடியற்காலையில் விழிப்பு வந்துவிடுகிறது. உட்கார்ந்தால் ஒரு வார்த்தை வரவில்லை. யாராவது பின்னால் நிற்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். அவ்வளவு மறைந்து மறைந்து எழுதியபோது வந்தது இப்போது ஏன் வரவில்லை?

உன் அக்கா,
ஃபெபி


நாசரேத்,
23.3.2025

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவே வாசித்தாள். புதுக் கண்ணாடி. வாசித்துவிட்டு அடுப்பை அணைத்து வைத்துவிட்டு முழங்காலில் நின்று ஜெபம் செய்தாள். முழங்கால் வலியெல்லாம் அப்போது இல்லை.

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. முன்பென்றால் ஒரு பதில் சொல்லியிருப்பேன். வராவிட்டால் வராமல் இருக்கட்டும். நன்றாகச் சாப்பிடு, தூங்கு. நானும் ஒரு வாரமாக எழுதவில்லை. ஒன்றும் ஆகிவிடவில்லை.

போலீசில் சொல்வதா வேண்டாமா என்பதை நீ முடிவு செய். சொல்வதென்றால் நான் கூட நிற்பேன்.

உன் தங்கை,
ஷாரோன்


இருங்காட்டுக்கோட்டை,
20.4.2025

என் அன்புத் தங்கைக்கு,

சித்திக்கும் உனக்கும் ஈஸ்டர் வாழ்த்து. நான் நலம். தங்கமாரி குழம்பு வைக்கிறாள், சாப்பிட்டு எடை போட்டுவிட்டேன்.

பெரிய வியாழன் அன்று அவர் விடுதிக்கு வந்தார். போலீஸ் ஸ்டேஷனில் நான் எழுதிக் கொடுத்ததற்குப் பிறகு முதல் தடவை. வார்டன் செல்வலட்சுமி அம்மா கேட்டைத் திறக்கவில்லை. நான்தான் இறங்கிப் போய், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பேசினேன். இளைத்திருந்தார். புகாரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அம்மா சரியாகப் பேசுவதில்லை, வீடு வீடாக இல்லை என்றார். நான் வரவில்லை என்றேன். பிறகு கேட்டார்:

"இப்பவும் எழுதிக்கினு கீறியா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. என்னப் பத்திதான எழுதற? நான் இன்னா பண்ணேன்னு எல்லாருக்கும் எழுதற."

ஷாரோன், எனக்கு அப்போது பயம் வரவில்லை. கோபம்கூட வரவில்லை. அவர் எவ்வளவு காலமாக இதையே நினைத்துக்கொண்டிருந்தார் என்று தோன்றியது.

"உங்களப் பத்தி இதுவரைக்கும் நான் ஒரு வரி எழுதினதில்ல" என்றேன்.

அவர் நம்புவார் என்று நினைக்கவில்லை. ஆனால் நம்பிவிட்டார். முகம் அப்படியே தொங்கிப்போயிற்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வரி கூடயா?" என்றார்.

நான் மேலே வந்துவிட்டேன். ஜன்னலிலிருந்து பார்த்தபோது வண்டியைக் கிளப்பாமல் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். வார்டன் அம்மா வெளியே வந்து ஏதோ சொன்ன பிறகுதான் போனார்.

வெள்ளிக்கிழமை முழுக்கக் கோயிலில் இருந்தேன். நேற்று மேஜை முன்னால் உட்கார்ந்தேன், ஒன்றும் வரவில்லை. எழுந்து துணி துவைத்தேன். இன்று விடியற்காலை தங்கமாரி கோயிலுக்குத் துணையாக வர எழுந்து குளித்துக்கொண்டிருந்தபோது எழுதினேன். ஒரு பக்கம் முழுதாக இல்லை, முக்கால் பக்கம். நன்றாக இருக்கிறதா என்று தெரியவில்லை. நாளைக்கு வருமா என்றும் தெரியவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன். வாசித்துப் பார்.

உன் அக்கா,
ஃபெபி